‘நோய் தீரும்வரை’ என்று எழுதலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற அரசுச் செவிலியர் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே காத்திருந்து கணவரைப் பறிகொடுத்தவர் இவர். பதினாறாம் நாள் முடிந்ததும் மறுபடி பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு வார்டுக்குப் போனவர். அதே தெருவில் இருக்கும் தம்பிக்குத் தையல் கடை இருந்தது. முதல் ஊரடங்கில் வாடகை பாக்கி விழுந்தது, இரண்டாவதில் இயந்திரங்களே விலை போயின. தம்பியின் மகன் கல்லூரி மாணவராக இருந்த 2020 ஜூனில் பைக்கில் போனபோது மறிக்கப்பட்டு, வண்டி பறிமுதலாகி, ஊரடங்கை மீறியதாக வழக்கும் பதிவானது. அந்த இளைஞர் இப்போது அரசுத் தேர்வு ஒன்றில் தேறியிருக்கிறார். சரிபார்ப்புப் படிவத்தில் ‘உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உண்டா?’ என்றொரு கட்டம் காலியாக நிற்கிறது.

இதற்கிடையில், பெருந்தொற்றுக்கென்று தனிச் சட்டம் வரலாம் என்ற பேச்சைக் கேட்டு, அவர்களது குடியிருப்போர் நலச்சங்கம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு கொடுக்க முடிவு செய்திருக்கிறது. எழுதும் பொறுப்பு இவருக்கு. ‘அரசின் சிறப்பு அதிகாரங்கள் நோய் முற்றிலும் தீரும்வரை நீடிக்க வேண்டும், நெருக்கடி நிலையில் நீதிமன்றங்கள் குறுக்கிடக் கூடாது’ என்று எழுதினார். படித்த தம்பி, ‘ஒரு நாள்கூட நீட்டிக்கக் கூடாது என்று எழுது’ என்று காகிதத்தை வீசிவிட்டுப் போனார். மூன்று வாரமாகப் பேச்சு இல்லை. யார் சொல்வது சரி, மனுவில் என்ன எழுதுவது, பையனின் வழக்கை மறைத்துவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். ‘அதிகாரம் இன்னும் கடுமையாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரோ என்று தோன்றுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் மனுவில் நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

2021 மே மாதத்தில் அரசிடம் அதிகாரத்துக்குக் குறைவே இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2020 மார்ச் 24 அன்று தொடங்கிய உத்தரவுகள், மாற்றி மாற்றி நீட்டிக்கப்பட்டு, உங்கள் கணவர் ஆம்புலன்ஸில் இருந்த அன்றும் நடப்பில்தான் இருந்தன. கடையை மூடவும், வண்டியை மறிக்கவும், மண்டபத்தையும் வாகனத்தையும் அரசுப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் இடமிருந்தது. அன்று இல்லாமல் போனவை படுக்கையும் ஆக்சிஜனும். முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே கிடைத்த மாதங்களில், ‘இந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?’ என்று கேட்டுக் கணக்கு வாங்கியிருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 2020இல் அதன் குளிர்காலக் கூட்டத்தொடரே நடக்கவில்லை. அதற்கு முந்தைய செப்டம்பர் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் இல்லை.

அதனால்தான் ‘நோய் தீரும்வரை’ என்ற உங்கள் சொற்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி எழுதினால், கணக்குக் கேட்கும் நாளே வராது.

அது நெருக்கடி நிலை அல்ல

உங்கள் மனுவில் ‘நெருக்கடி நிலை’ என்ற சொல் ஆறு இடத்தில் வருகிறது. நம் தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மிசா காலம் நினைவுக்கு வரும். ஆனால் கொரோனா காலத்தில் இந்தியாவில் அரசமைப்புச் சட்டப்படி நெருக்கடி நிலை அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்திருக்கவும் முடியாது. 352ஆம் பிரிவின்படி போர், வெளித் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி ஆகிய மூன்று காரணங்களுக்கு மட்டுமே அதை அறிவிக்கலாம். ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று முன்பு இருந்த தளர்வான காரணத்தை, 1975இல் பட்ட பாட்டுக்குப் பிறகு 44ஆம் திருத்தம் நீக்கிவிட்டது. கிருமி அந்தப் பட்டியலில் இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. உண்மையான நெருக்கடி நிலை என்றால் ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். அப்போதும் உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவு உரிமையை நிறுத்திவைக்க முடியாது. சாதாரணச் சட்டம் ஒன்றின் கீழ் நாட்டையே பூட்டுவதற்கோ இந்த ஒப்புதல்கள் எதுவும் தேவைப்படவில்லை. எந்தப் பாதையில் காவல்சாவடி இல்லையோ, அந்தப் பாதையிலேயே வண்டி போனது.

‘நீதிமன்றம் தலையிட முடியாது’ என்பதும் தவறு. அதற்கு நம் பக்கத்து வழக்கே சான்று. மதுரை மாவட்டக் காவல் நிலையம் ஒன்றில் பதிவான வழக்கில், போலீசார் உரிய நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாததால் கைதானவர் ஜாமீன் கேட்டார். ஊரடங்கும் நெருக்கடி நிலையைப் போன்றதுதான் என்று கருதிய உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 19 அன்று அதைத் திருத்தியது. ஊரடங்கை நெருக்கடி நிலைக்குச் சமமாக வைக்க முடியாது, அதைக் காட்டி ஒருவரின் சுதந்திரத்தைக் கூடுதலாக ஒரு நாள்கூடப் பிடித்துவைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஜூன் 19 அன்று மாலைதான் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு வியாபாரியைப் போலீசார் அழைத்துப் போனார்கள். தேடிப் போன மகனும் உள்ளே வைக்கப்பட்டார். சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். மத்தியப் புலனாய்வுத் துறை, சம்பந்தப்பட்ட போலீசார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. தில்லியில் தீர்ப்பு எழுதப்பட்ட நாளும் இங்கே லத்தி எழுந்த நாளும் ஒன்றாகிப் போனதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உங்கள் தம்பியின் கோபத்துக்குப் பின்னால் இந்த நினைவும் இருக்கலாம். அவரும் கடைக்காரர்தானே.

கெடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

அன்று அரசின் கையில் இருந்த சட்டங்களை ஒரு முறை வரிசையாகப் பாருங்கள். ‘144 தடை உத்தரவு’ என்று நாம் சொல்வது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து வந்தது. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அதன் ஆயுள் இரண்டு மாதம். மாநில அரசு நீட்டித்தாலும் அதற்கு மேல் ஆறு மாதம்தான். ஆக, பழைய, எல்லோரும் திட்டுகிற அந்தப் பிரிவுக்குக்கூட ஒரு கெடு உண்டு. அடுத்தடுத்து அதையே போட்டுக்கொண்டு போவது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொரோனா நம் ஊருக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்!

கொள்ளை நோய்கள் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. பம்பாயில் பிளேக் பரவியபோது ஆங்கிலேயர் அவசரமாக எழுதியது, நான்கே பிரிவுகள். தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது. எத்தனை நாளைக்கு என்ற கேள்வியே அதில் எழவில்லை. குடிமக்கள் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்து அந்த ஆட்சி சட்டம் எழுதவில்லை.

அடுத்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சுனாமி வாரிக்கொண்டு போனதற்கு மறு ஆண்டு வந்தது. அலை வரும், அடிக்கும், வடிந்துவிடும். வெள்ளமும் நிலநடுக்கமும் அப்படித்தான். தானாக வடிகிற ஆபத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாலோ என்னவோ, அதிகாரம் எப்போது முடியும் என்று அந்தச் சட்டத்தில் யாரும் எழுதவில்லை. தொற்றுநோய் வடிவதில்லை, தணியும், உருமாறும், திரும்பி வரும். மத்திய உள்துறை 2022 மார்ச் 31 அன்றுதான் அந்த உத்தரவுகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. 21 நாள் என்று அறிவித்தது இரண்டு ஆண்டும் ஒரு வாரமுமாக நீண்டது.

நீண்டதே தவறு என்று நான் சொல்லவில்லை. எங்கள் சட்டத் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். கைதான ஒருவரை விசாரணைக் காலத்தில் ரிமாண்டில் வைக்க நடுவர் ஒரு தடவைக்கு 15 நாள்தான் உத்தரவிடலாம். 16ஆம் நாள் வேண்டுமென்றால் மறுபடி அவரை நடுவர் முன் காட்ட வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும், நடுவர் எழுத வேண்டும். நடைமுறையில் இது பல நேரம் சடங்காகிவிடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 15 நாள் கெடுவை எடுத்துவிட்டு ‘விசாரணை தீரும்வரை’ என்று வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீட்டிப்பு என்பது பழைய முடிவின் வால் அல்ல. அது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய முடிவு. புதிய முடிவுக்குப் புதிய காரணம் வேண்டும்.

காரணம் கேட்காத நீட்டிப்பு எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்த்தவர். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்று இருந்ததே, நினைவிருக்கிறதா? மாநிலத்துக்குள் போய்வரத் தடையோ தனி அனுமதியோ கூடாது என்று மத்திய அரசு 2020 ஜூலை கடைசியிலேயே வழிகாட்டியது. தமிழ்நாட்டில் அது ஆகஸ்ட் முடியும்வரை தொடர்ந்தது. சாவு வீட்டுக்குப் போக விண்ணப்பித்தவர்கள், பாஸ் வருவதற்குள் காரியமே முடிந்துவிட்ட கதைகளை எத்தனை பேர் சொன்னார்கள்! அந்த ஒரு மாதத்தில் அந்தப் பாஸ் எத்தனை தொற்றைத் தடுத்தது என்று கேட்க ஒரு மேசை இல்லை.

‘கெடு வைத்தால் அரசின் கை கட்டப்படும். 2021 பிப்ரவரியில் காலாவதி ஆகியிருந்தால் ஏப்ரலில் என்ன செய்வார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. ஆனால் முதல் ஊரடங்கு எப்படி வந்தது என்று பாருங்கள். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவில் நாடு மூடியது. நான்கு மணி நேரம். அத்தனை வேகமாகப் பூட்டத் தெரிந்த அரசுக்கு, காலாவதியான உத்தரவை மறுபடி பிறப்பிக்க நேரம் போதாது என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கெடு முடிந்தால் அதிகாரம் செத்துப்போவதில்லை. மறுபடி கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தம்பி சொல்வதில் எது சரியில்லை

‘ஒரு நாள்கூட நீட்டிக்கக் கூடாது’ என்பது வலியின் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. விரும்பிய இடத்துக்குப் போகவும் விரும்பிய தொழில் செய்யவும் 19ஆம் பிரிவு உரிமை தருகிறது. பொதுமக்கள் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 21 நாளில் எந்தக் கிருமியும் நாட்காட்டி பார்த்துக் கிளம்பிப் போவதில்லை. சில நீட்டிப்புகள் தேவைப்பட்டன. வார்டில் நின்ற நீங்கள் அதைத் தம்பிக்கு என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லுங்கள். உங்கள் கணவரின் மறைவுக்காக 50,000 ரூபாய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது தம்பி சபிக்கும் அதே பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலிருந்து வந்த பணம். அதிகாரம் எடுத்துக்கொண்டால் நிவாரணக் கடமையும் சேர்ந்தே வரும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அது தானாக வரவில்லை. உயிரிழப்புக்கான நிவாரணத்தை வரையறுப்பது விருப்பமல்ல, கட்டாயம் என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே தொகை முடிவானது. ‘நீதிமன்றங்கள் குறுக்கிடக் கூடாது’ என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தக் குறுக்கீடு இல்லாவிட்டால் அந்தப் பணமும் இல்லை.

தொழிலாளர் விஷயத்திலும் இதே கதை. குஜராத் அரசு பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தொழிற்சாலைகளுக்கு வேலை நேர விதிகளிலிருந்து மூன்று மாத விலக்கு அளித்தது. நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது. முடிந்ததும் இன்னொரு மூன்று மாதம் நீட்டித்தது. பெருந்தொற்று, தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் ‘பொது நெருக்கடி’ ஆகாது என்று 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நோயைத் தடுக்கக் கேட்ட அதிகாரம் எப்படி நகர்ந்து வேறு யாருடைய பைக்குள்ளோ போய்விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மனுவில் என்ன எழுதலாம்

சட்டம் வரலாம் என்ற பேச்சு வெறும் வதந்தி இல்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டம் போதாது, திருத்துங்கள் அல்லது புதிதாக எழுதுங்கள் என்று சட்ட ஆணையம் தனது 286ஆம் அறிக்கையில் 2024 பிப்ரவரியில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் நிதி ஆயோக் அமைத்த நிபுணர் குழுவும் பொதுச் சுகாதார நெருக்கடிக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆகவே உங்கள் மனுவுக்குச் சரியான நேரம்தான். பழைய இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிட்டு, இவற்றைச் சேர்க்கப் பாருங்கள்.

முதலில் கெடு. எந்த உத்தரவும் 30 நாளில் தானாக முடிய வேண்டும் என்பது என் யோசனை. நீங்கள் 45 என்றாலும் சண்டை போட மாட்டேன், எண் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இரண்டாவது, எழுத்தில் காரணம். ஒவ்வொரு நீட்டிப்போடும் தொற்று விகிதம், காலிப் படுக்கை எண்ணிக்கை, நிபுணர் குழுவின் கருத்து ஆகியவற்றைத் தமிழில் வெளியிட வேண்டும். ‘முந்தைய 30 நாளில் என்ன ஏற்பாடு செய்தோம்’ என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் வார்டு அனுபவத்தை இந்த இடத்தில் எழுதுங்கள். மனுவைப் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான்.

மூன்றாவது, சட்டமன்றத்தின் கை. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் பரவும் தொற்றைத் தடுப்பது பொதுப் பட்டியலில். எனவே மாநில உத்தரவுக்குச் சட்டமன்றமும், மத்திய உத்தரவுக்கு நாடாளுமன்றமும் குறிப்பிட்ட நாளுக்குள் வாக்களிக்க வேண்டும் என்று கேட்கலாம். பிரிட்டன் 2020 மார்ச்சில் கொண்டுவந்த கொரோனா சட்டத்துக்கு இரண்டு ஆண்டு ஆயுள் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாக்கெடுப்பும் வைத்தது. உடனே அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மக்களை வீட்டுக்குள் அடைத்த உத்தரவுகளில் பெரும்பாலானவை வேறொரு பழைய சட்டத்தின் கீழ் வந்தவை, அவற்றுக்கு அந்த அளவு கண்காணிப்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சட்டம் ஆறு மாத வரம்பு வைத்திருந்தது. வரம்பு நெருங்கியதும் அதை 12 மாதமாக்கினார்கள், பிறகு 21 மாதமாக்கினார்கள், கடைசியில் 2021 டிசம்பரில் தனிச் சட்டமே எழுதினார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவையில் எழுந்து நின்று பேசி, வாக்கு வாங்கித்தான் மாற்ற முடிந்தது. தெருவிலும் சண்டை, அவையிலும் சண்டை. நமக்கு அந்தச் சண்டைகூடக் கிடைக்கவில்லை.

நான்காவது, தண்டனை. முகக்கவசம் அணியாததற்கு 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்று தமிழ்நாடு அரசே 2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தியது. மாணவன் பைக்கில் போனதற்கு இந்த மாதிரி அபராதம் போதும். குற்ற வழக்கு எதற்கு?

தடுப்பூசி பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பொதுநலனுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அது அன்றைய தொற்று நிலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், நிலை மாறினால் மறுபரிசீலனை வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. உங்கள் மனுவுக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது.

தம்பி மகனின் வழக்கு

மறைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஊரடங்கு வழக்கு வேலையைக் கெடுக்கும் வாய்ப்பு குறைவு. ‘இல்லை’ என்று எழுதியது பின்னால் தெரியவந்தால் வேலையைக் கெடுக்கும் வாய்ப்பு மிக அதிகம். சிறு வழக்கை மறைத்ததை மன்னிக்க வேலை கொடுப்பவருக்கு இடமுண்டு என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அவர்களுடைய விருப்பம், நம் உரிமை அல்ல. சீருடைப் பணி என்றால் விதிகள் இன்னும் கடுமை.

முதலில் வழக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஊரடங்கு மீறல் வழக்குகளில் ஏறத்தாழ 10 லட்சத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. வன்முறை, போலி இ-பாஸ், போலீசாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது போன்றவை மட்டும் விலக்கு. உங்கள் பையனின் வழக்கு கைவிடப்பட்ட கூட்டத்தில் இருக்கலாம். ஆனால் அறிவிப்பு ஒன்று, காவல் நிலையப் பதிவேடு வேறொன்று. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்ற கடிதமோ, நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலோ கைக்கு வர வேண்டும்.

உயிரோடு இருந்தால், முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். அந்தக் காலத்து வழக்கு என்பதால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு நிச்சயம் இருக்கும். அதில் உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துமூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால் ஒழிய நடுவர் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கை அந்தப் புகாருக்கு ஈடாகாது என்று நமது உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2018இல் விளக்கமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51ஆம் பிரிவையும் சேர்த்திருந்தால், அதற்கும் உரிய அதிகாரியின் புகார் வேண்டும்.

269ஆம் பிரிவு, அதாவது தொற்றைப் பரப்பும்படி கவனக்குறைவாக நடந்தது, சேர்க்கப்பட்டிருந்தால் சிறு சிக்கல். அதைப் போலீசாரே பதிவு செய்யலாம். ஆனால் நோய் இல்லாத ஒருவர் பைக்கில் தனியாகப் போனதில் எந்தத் தொற்று எப்படிப் பரவியிருக்கும் என்று அவர்கள் காட்ட வேண்டும். 188, 269 இரண்டுக்கும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம் என்பதால், ஓராண்டுக்குள் நீதிமன்றத்தில் புகாரோ குற்றப்பத்திரிகையோ தாக்கலாகியிருக்க வேண்டும். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் விலக்கிய காலத்தை (2022 பிப்ரவரி 28 வரை) அரசுத் தரப்புக்கே விட்டுக்கொடுத்தாலும் 2023 மார்ச் தொடக்கத்தோடு அந்தக் கெடுவும் கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, அதனால் வழக்கு தானாக அழிந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட நல்ல அடித்தளம் இருக்கிறது.

270ஆம் பிரிவை, அதாவது தீய நோக்கத்தோடு தொற்றைப் பரப்பும்படி நடந்ததைச் சேர்த்திருந்தால் தண்டனையும் கெடுவும் நீளும், அப்போது எனக்குத் தனியாக எழுதுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கியபோது அபராதம் கட்டினீர்களா, எந்தக் காகிதத்தில் பையன் கையெழுத்துப் போட்டார் என்பதையும் தேடிப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால் அது தண்டனைத் தீர்ப்பு. படிவத்தில் எழுத வேண்டிய பதிலும் அதற்கேற்ப மாறும்.

படிவத்தைக் கொடுக்கக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. மனு அடுத்த வாரம்கூடப் போகலாம். தம்பியை அழைத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே காவல் நிலையத்துக்குப் போய் அந்த நகலைக் கேளுங்கள்.